இரத்தம் இழக்க இருப்போர் பட்டியல்

பெரியமடுவில் கொன்ஸ்ரன்ரைனைப் போல அரசாங்கத்தை நம்பிய மனிதர் வேறு ஒருவரும் இருக்கவில்லை. மன்னார்க் கரையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் இருபத்தாறு வருடம் பியோனாக இருந்தவர். சண்டை துரத்திக்கொண்டு வந்து பெரியமடுவில் விட்டபோது, பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்றில் நடந்துகொண்டிருந்த சின்ன வைத்தியசாலைக்கு அற்றென்டன் ஆனார். இடம்பெயர்ந்து கூடாரங்களில் இருந்த சனம் கந்தோர்க்காரரைத் திட்டும்போதெல்லாம், "அவையளுக்கு மேலயும் ஆள் இருக்குது. ஒரு காரணம் இல்லாமல் ஒண்டும் கேக்கமாட்டினம்" என்று பரிந்து பேசுவார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், அதுவும் மன்னார் மாவட்டத்தில் இருந்துகொண்டு, ஒரு மனிதன் இப்படி நம்புவதற்கு நல்ல மனம் வேண்டும்.

அந்த வைத்தியசாலையில் டொக்டர் இல்லை. நோய் பார்ப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் எட்வேட் என்ற அப்போதிக்கரிதான். அந்த வருடம் ஆடி மாதம் அருளம்மா என்ற பெண் பிள்ளை பெற்ற கையோடு இரத்தம் போய்ச் செத்தாள். இரத்தம் ஏற்றுவதற்கு மன்னார்ப் பட்டினத்துக்குப் போகவேண்டும். நடுவில் வீதிக்குக் குறுக்கே இராணுவத்தின் தடைமரம். அது பின்னேரம் மூன்று மணிக்கு மூடினால் அடுத்த நாள் காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும். அருளம்மாவுக்கு மூன்றரைக்குப் பிள்ளை பிறந்தது.

அடக்கம் முடிந்து வந்ததும் எட்வேட் கொன்ஸ்ரன்ரைனைக் கூப்பிட்டு இருத்தினார்.

"அண்ணை, பிளாஸ்மா எக்ஸ்பான்டர் எண்டு ஒரு போத்தல் இருக்கு. ரத்தம் இல்லை அது. ரத்தம் கிடைக்கும் வரைக்கும் நரம்புக்குள்ள இடத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிற தண்ணி. பஸ்ஸில லேஞ்சியைப் போட்டு இடம் பிடிக்கிறம் எல்லோ, அது மாதிரி."

"சேலைன் இருக்குத்தானே?"

"சேலைன் கொஞ்ச நேரத்தில நரம்பை விட்டு வெளிய போயிடும். இது நிக்கும். ஆளைத் தடைமரம் திறக்கும் வரைக்கும் வைச்சிருக்கலாம். ஒரு பன்னிரண்டு போத்தல் வேணும். நான் நோயாளியளை விட்டிட்டுப் போகேலாது. நீங்கள்தான் கந்தோர் தெரிஞ்ச ஆள்."

கொன்ஸ்ரன்ரைன் உடனே ஒத்துக்கொண்டார். அவருடைய ஒரே மகள் பெற்றிசியா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளைக்கே அவளுக்கு நிற்காமல் இரத்தம் போய், மாதா காப்பாற்றித் தந்தவள் என்று தாய் சொல்லி அழுவாள். 

இயக்கத்தின் பாஸை எடுத்து, தடைமரத்தில் இராணுவத்தின் பாஸை எடுத்து, வயல்வெளிகளையும் பாலத்தையும் சைக்கிளில் கடந்து பட்டினத்துக்குப் போனார். மருந்து கேட்டால் மருந்து தரும் இடத்துக்குப் போகக்கூடாது என்று அங்கே சொன்னார்கள். அதற்கென்று புதிதாக ஒரு கந்தோர் திறந்திருந்தது. அத்தியாவசிய மருத்துவப் பொருள் ஒழுங்குபடுத்தல் இணைப்பகம் என்று வாசலில் பலகை. அதன் கீழே ஆறு அங்கத்தவரின் பெயர்களும் பட்டங்களும் பொன்னெழுத்தில். தடைமரத்துக்குப் பொறுப்பான கப்டனுடைய பெயரும் அதில் இருந்தது.

இணைப்பாளர் நல்ல உடுப்பு உடுத்த, மெல்லிய குரலில் பேசுகிற மனிதர். எட்வேட்டின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"இதில ஜெலற்றின் எண்டு போட்டிருக்கு."

"ஓம் ஐயா. அதிலதான் அந்த மருந்து செய்யிறதாம்."

"நீர் கரையூர் ஆள்தானே. கடலுக்குள்ள வெடி போட்டு மீன் பிடிக்கிறவங்கள் என்னத்தைப் போடுறவங்கள்?"

"ஜெலற்றின் குச்சி, ஐயா."

"அதுதான்" என்றார் இணைப்பாளர், பெரிய வழக்கொன்றில் வென்றவர் போல. "தடைசெய்யப்பட்ட பொருள்களில பதினாலாவது. நீர் நேர்மையான ஆள் எண்டபடியால் பொலிசுக்குச் சொல்லேல்ல. இது வெடிக்காது எண்டு ஒரு கடிதம் கொண்டுவாரும்."

கொன்ஸ்ரன்ரைனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கந்தோர் கவனமாக இருக்கிறது என்று எட்வேட்டிடம் சொன்னார். எட்வேட் பல்லைக் கடித்துக்கொண்டு, ஜெலற்றின் என்பது மாட்டெலும்பை அவித்து எடுப்பது, ஆஸ்பத்திரியில் ஏற்றுவதும் பிள்ளைகள் தின்கிற ஜெலியில் போடுவதும் அதைத்தான், வெடிக்காது என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்த கிழமை இணைப்பாளர் அதையும் வாசித்தார்.

"வெடிக்காது எண்டு சொல்ல அப்போதிக்கரிக்கு என்ன தகுதி? அவர் வெடிமருந்து படிச்சவரோ? சரி, அதை விடுவம். மாட்டெலும்பு எண்டு எழுதியிருக்கிறார். அப்ப இது கால்நடை. எந்தப் பக்கத்து மாடு எண்டு தெரிய வேணும்."

"வெளிநாட்டு மருந்து, ஐயா. வெளிநாட்டு மாடாத்தான் இருக்கும்."

"இருக்கும் எண்டு நாங்கள் நினைச்சுக்கொண்டு இருக்கேலாது."

மாட்டுக் கடிதத்துக்கு மூன்று கிழமை போனது. மிருக வைத்தியர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே ஒரு கடிதம் கொடுத்தார். குறித்த மாடு மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்ததல்ல என்று தன் அறிவுக்கு எட்டியவரை உறுதிப்படுத்தினார். அதைக் கண்டதும் இணைப்பாளரின் முகம் மலர்ந்தது. விடயம் குழுவுக்குப் போனது. கொன்ஸ்ரன்ரைனையும் உள்ளே கூப்பிட்டு ஒரு மூலையில் கதிரை போட்டார்கள்.

கூட்டத்தைத் தொடக்கி வைத்து இணைப்பாளர் பேசினார்.

"கனவான்களே, இந்தக் கந்தோர் மருந்தை மறுக்கிற கந்தோர் எண்டு சிலர் சொல்லுகினம். அது அவதூறு. நாங்கள் இதுவரைக்கும் ஒரு விண்ணப்பத்தைக்கூட மறுத்ததில்லை. வந்த நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பமும் இண்டைக்கும் பரிசீலனையில இருக்குது. ஒண்டையும் நாங்கள் கைவிடேல்ல." மற்ற ஐந்து பேரும் மேசையில் மெல்லத் தட்டினார்கள். "இப்ப இந்த மனிதர் பன்னிரண்டு போத்தல் கேக்கிறார். ரத்தம் போறவைக்கு எண்டு சொல்லுறார். நல்லது. ஆருக்கு? எங்களுக்குச் சனத்தின்ர ரத்தம் முக்கியம். அதனாலதான் ஒவ்வொரு துளியும் ஆரின்ர எண்டு கேக்கிறம்."

கப்டன் தமிழில் பணிவாகச் சொன்னார்: "காயப்பட்ட ஆக்களுக்குப் போனால் பிரச்சினை. காயப்படாத ஆக்களுக்கு என்றால் பிரச்சினை இல்லை."

கொன்ஸ்ரன்ரைன் கதிரையை விட்டு எழும்பினார். "ஐயாமார், காயப்படாதவைக்கு இது தேவைப்படாது."

"நாங்கள் உங்களைப் பேசச் சொல்லேல்ல" என்றார் உதவி இணைப்பாளர்.

முடிவில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதன் தலைப்பு, 'அடுத்த காலாண்டில் இரத்தம் இழக்க இருப்போர் பட்டியல்.' பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், இரத்தம் இழக்கவுள்ள திகதி, இடம், காரணம் என்று ஆறு நிரல்கள். முதன்முறையாகக் கொன்ஸ்ரன்ரைன் ஒரு அரசாங்கத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு என்ன காரணம் இருக்கும் என்று யோசித்தார். பாலம் முழுவதும் யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

பெரியமடுவில் அவர் கூடாரம் கூடாரமாகப் போனார். கர்ப்பிணிகளின் பெயர்களை மருத்துவமாதுவிடம் எடுத்தார். பெற்றிசியாவின் பெயரை மூன்றாவதாக எழுதினார். மகளுக்கு இரத்தம் போகும் என்று தன் கையால் எழுதுவது சாபம் போலப் பட்டது. பனையேறுகிற சந்தியோகு தானாக முன்வந்தான்.

"என்ர பேரையும் போடுங்கோ அண்ணை. எண்டைக்கு விழுவன் எண்டு போடப் போறியள்?"

"நீதான் சொல்லவேணும்."

"அடுத்த மாதம் பத்தாந் திகதி எண்டு போடுங்கோ. அதுக்குள்ள விழாமல் பாத்துக்கொள்ளுறன்."

இணைப்பகத்தில் பட்டியலைப் பார்த்த இலிகிதர் சந்தியோகுவின் பெயரில் பேனையை ஊன்றினார். "பத்தாந் திகதி போயா லீவு. களஞ்சியம் பூட்டு. இவர் பதினோராந் திகதி விழ ஏலாதோ?"

கொன்ஸ்ரன்ரைன் பதினொன்று என்று திருத்தினார்.

பன்னிரண்டு பெயரில் ஆறு அனுமதிக்கப்பட்டன. பெற்றிசியாவின் பெயர் அதில் இருந்தது. திகதி, கார்த்திகை இருபது. ஆறு போத்தல்கள், ஒவ்வொன்றிலும் உரியவரின் பெயர் ஒட்டி, மரப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பெட்டியைச் சைக்கிளில் கட்டும்போது கொன்ஸ்ரன்ரைனுக்குக் கண் கலங்கியது. பார்த்தீர்களா, கொஞ்சம் சுணங்கினாலும் கந்தோர் தந்துவிட்டது என்று மனதுக்குள் ஊருக்குச் சொல்லிக்கொண்டு மிதித்தார்.

தடைமரத்தில் கப்டன் அவருக்குத் தேநீர் கொடுத்தார். பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"அனுமதி இருக்குது, மாத்தயா. நீங்களும் கையெழுத்து வைச்சதுதானே."

"ஓம், அது கொண்டுபோக அனுமதி. இது சோதனை. மூடின போத்தலில் திரவம் போனால் திறந்து மணந்து பார்க்க வேண்டும். சட்டம்."

"திறந்தால் கிருமி போகும். பிறகு ஆளுக்கு ஏத்தேலாது."

"கவலைப்படாதீங்க. திருப்பி நல்லா மூடித் தருவம்."

ஒரு சிப்பாய் ஆறு போத்தல்களின் றப்பர் மூடியையும் கத்தியால் நெம்பிக் கழற்றினான். கப்டன் ஒவ்வொன்றாக மணந்து பார்த்தார். ஒன்றில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "வெடிக்காது" என்றார், திருப்தியோடு. பிளாஸ்ரர் போட்டு ஒட்டி, 'பரிசோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது' என்று ஆறிலும் முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

எட்வேட் பெட்டியைத் திறந்து, பிளாஸ்ரர் ஒட்டிய மூடிகளைப் பார்த்தார். "இனி இதால சட்டி கழுவலாம்" என்றார்.

பெற்றிசியாவுக்குக் கார்த்திகை பதினோராந் திகதி காலையில் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை நலமாக அழுதது. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. எட்வேட் கையில் இருந்த ஊசியெல்லாம் போட்டார், வயிற்றை அழுத்திப் பிடித்தார், இரண்டு கைக்கும் சேலைன் ஏற்றினார். ஏறிய வேகத்தில் சேலைன் அவளிடம் நிற்கவில்லை. பதினொரு மணிக்கு லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் பாய் விரித்து அவளைக் கிடத்திக்கொண்டு புறப்பட்டார்கள். கொன்ஸ்ரன்ரைன் சேலைன் போத்தலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். பெற்றிசியா வழியில் ஒரே ஒரு தரம், "அப்பா, குளிருது" என்றாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஒன்றே முக்காலுக்குத் தடைமரத்துக்கு வந்தார்கள். காவலரணில் இருந்தவன் அடையாள அட்டையை வாங்கிப் பதிவேட்டில் தேடினான். பிறகு கப்டனைக் கூட்டிவந்தான்.

"இவங்க பெயர் பட்டியலில் இருக்குது" என்றார் கப்டன்.

"ஓம் மாத்தயா. அந்த ஆள்தான். மரத்தைத் தூக்குங்கோ."

"அப்ப இவங்களுக்கு ஏற்கெனவே போத்தல் குடுத்தாச்சு. இரத்த இழப்புக்கு வசதி செய்யப்பட்டிருக்குது. அப்படியான ஆளை ஏன் இந்தப் பக்கம் கொண்டுவாறீங்க?"

"அதை நீங்கள் திறந்து போட்டியள். அது பழுதாப் போச்சுது."

"பழுது என்று அறிக்கை வரவில்லையே. மற்றது, இதில் இருபதாந் திகதி. இண்டைக்குப் பதினொண்டு."

கப்டன் கெட்ட மனிதர் அல்ல. இணைப்பகத்துக்கு வயர்லெஸ்சில் கேட்டார். இணைப்பாளர் கூட்டத்தில் இருந்தார். கூட்டம் முடிந்து, அவர் கோப்பை எடுத்து, விதிவிலக்காக அனுமதிக்கலாம் என்று பதில் வந்தபோது மணி இரண்டு ஐம்பது. சிப்பாய் ஓடிவந்து மரத்தைத் தூக்கினான். கொன்ஸ்ரன்ரைன் தூக்கிப் பிடித்த கையை இறக்காமலே நின்றார். போத்தலில் துளி விழுவது நின்று கொஞ்ச நேரம் ஆகிவிட்டது.

அவள் இறந்தது தடைமரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது முடிவாகாததால், இரண்டு பக்கத்துப் பதிவாளர்களும் மரணத்தைப் பதிய மறுத்தார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு இணைப்பகத்திலிருந்து கடிதம் வந்தது, பயன்பாட்டு அறிக்கை தரவில்லை என்று. கொன்ஸ்ரன்ரைன் போனார். இணைப்பாளர் அனுதாபம் தெரிவித்தார். எழுந்து நின்றே தெரிவித்தார். பிறகு இருந்துகொண்டு கோப்பை விரித்தார்.

"உம்முடைய துக்கம் எனக்கு விளங்குது. ஆனால் நிர்வாகம் எண்டு ஒண்டு இருக்கு. உம்முடைய மகளுக்கு இருபதாந் திகதி குறிச்சிருந்தது. ஒன்பது நாள் முந்தியிட்டா. மற்ற ஐந்து பேரில ஒருத்தருக்கும் ரத்தம் போனதாத் தகவல் இல்லை. பனையேறுறவர் இன்னும் விழவே இல்லை. நாங்கள் உம்மை நம்பித்தானே போத்தல் தந்தனாங்கள். இப்பிடி ஒழுங்கில்லாமல் நடந்தால் அடுத்த முறை எப்பிடித் தாறது? ஒவ்வொருவரும் தங்கட தங்கட எண்ணத்துக்கு ரத்தம் சிந்தினால் இந்த நாட்டில திட்டமிடல் எண்டு ஒண்டு செய்யேலுமோ?"

கொன்ஸ்ரன்ரைன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த மனிதர் விளையாடவில்லை. வேண்டுமென்று நோகச் சொல்லவும் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார், கோப்புக்காக. மேலே ஒரு ஆள் இருப்பார், அவருக்கு விளங்கும் என்று அறுபது வயதுவரை கொன்ஸ்ரன்ரைன் நம்பிய நம்பிக்கை அந்தக் கதிரையில் வைத்து முடிந்துபோனது.  அவர் குரலை உயர்த்தவில்லை.

"அடுத்த காலாண்டுப் படிவம் ஒண்டு தாங்கோ, ஐயா."

"அதுதான் சரி. துக்கத்திலயும் கடமையை மறக்கக்கூடாது" என்று இணைப்பாளர் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

வாசல் படியில் இருந்து, பலகையைப் பார்த்துப் பார்த்து, கொன்ஸ்ரன்ரைன் நிதானமாக எழுதினார். இணைப்பாளர். உதவி இணைப்பாளர். களஞ்சியப் பொறுப்பாளர். மொழிபெயர்ப்பாளர். சமாதான நீதவான். கப்டன். இரத்தம் இழக்கவுள்ள திகதி என்ற இடத்தில் போயா நாள்களைத் தவிர்த்து ஆறு திகதிகளைப் போட்டார். இடம், கந்தோர் வளவு. காரணம் என்ற நிரலில், 'காரணம் சொல்ல முடியாது, நீங்கள் சொல்லாதது போல' என்று எழுதினார். உள்ளே போய் இலிகிதரின் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

வழக்கமாக அந்தக் கந்தோரில் ஒரு படிவத்தை வாசிக்க இரண்டு கிழமை எடுக்கும். இதைப் பத்து நிமிடத்தில் வாசித்தார்கள். பாலத்துக்குப் போகுமுன்பே பொலிஸ் ஜீப் அவரை மறித்தது.

"இவையளுக்கு ரத்தம் போகும் எண்டு உமக்கு ஆர் சொன்னது? எந்த இயக்கம்?" என்று பொலிஸ் பொறுப்பதிகாரி கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்ல. என்ர பிள்ளைக்குப் போகும் எண்டும் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. எழுதச் சொன்னவை, எழுதினன்."

பதினொரு நாள் வைத்திருந்தார்கள். இரண்டு நாள் அடித்தார்கள். பன்னிரண்டாம் நாள் பங்குத்தந்தை வந்து கையெழுத்து வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்.

இதற்கிடையில் கந்தோரில் வேறொன்று நடந்திருந்தது. படிவம் கிடைத்த அன்றே அவசரக் குழுக் கூட்டம் கூடியது. ஆறு பெயர்களும் ஏகமனதாக அனுமதிக்கப்பட்டன. ஆளுக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்று சமாதான நீதவான் பிரேரிக்க, களஞ்சியப் பொறுப்பாளர் வழிமொழிந்தார். ஜெலற்றின் வெடிக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் பக்கத்து மாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. கொழும்பிலிருந்து இரண்டே நாளில் பன்னிரண்டு போத்தல்கள் விமானத்தில் வந்து இறங்கின. மூடியோடு, ஒரு கீறல் இல்லாமல். விதிப்படி பெயர் ஒட்டி, இணைப்பாளரின் அறைக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கினார்கள். அந்தக் கதை பாலம் தாண்டிப் பெரியமடு வரைக்கும் வந்து சேர்ந்தது.

மூன்று மாதம் கழித்து, காலாண்டு முடிந்த மறுநாள் காலை, கொன்ஸ்ரன்ரைன் அந்த அறைக்குள் போனார். அவரைக் கண்டதும் இலிகிதர் எழுந்து நின்றார். பியோன் வழிவிட்டான். இணைப்பாளர் மெலிந்துபோயிருந்தார். தினமும் நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்குள்ளே இரண்டு போத்தல்களில் தன் பெயர்.

"ஐயா, ஆறு திகதியும் போயிட்டுது. உங்கள் ஆறு பேருக்கும் ஒரு கீறலும் இல்லை. அந்தப் போத்தலுகளைத் தாங்கோ."

"அதுக்கு ஒரு படிவம்" என்று தொடங்கிய இணைப்பாளர், எதிரே நின்றவரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். திறப்பை எடுத்து அலுமாரியைத் தானே திறந்தார். "கொண்டு போங்கோ. அந்தப் பேர் ஒட்டினதுகளை மட்டும் உரிச்சு எடுத்திட்டுக் கொண்டு போங்கோ." வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கொன்ஸ்ரன்ரைனை நீங்கள் என்று பேசினார்.

தடைமரத்தில் கப்டன் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. கொன்ஸ்ரன்ரைன் சைக்கிளை நிறுத்தாமலே வர, சிப்பாய் மரத்தை முன்கூட்டியே தூக்கினான். பெற்றிசியாவைக் கிடத்தியிருந்த இடத்தை அவர் பார்க்காமல் கடந்தார்.

நான்காம் நாள் மத்தியானம், விறகு வெட்டப் போன ஒரு பெண்ணைக் காட்டுக் கரையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோடரி தவறித் தொடையில் இறங்கியிருந்தது. முந்திய நாள்தான் வன்னிப் பக்கமிருந்து வந்த சனத்தில் ஒருத்தி. அவளை ஒருவருக்கும் தெரியாது. உதடு வெளுத்து, கண் செருகிக் கிடந்தாள்.

எட்வேட் காயத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பழக்கத்தில், "பேரைக் கேட்டு எழுதுங்கோ அண்ணை" என்றார்.

கொன்ஸ்ரன்ரைன் போத்தலைத் தலைகீழாகக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எழுத வேண்டாம்" என்றார். "ஏத்துங்கோ."